சத்தம் போடாத மோட்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலை 8.15க்கு ஆபீஸ் கிளம்பினேன். 9.50க்கு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஆறு வாரமாக இதுதான் என் உத்தியோகம்.

நடுவில் உள்ள நேரம் சூப்பர் மார்க்கெட் வண்டி நிறுத்துமிடத்தில் கழிகிறது. இஸ்திரி போட்ட சட்டை, மடியில் சாப்பாட்டு டப்பா. இன்னும் இரண்டு பேர் இதேபோல் தினமும் வந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் டையெல்லாம் கட்டியிருக்கிறார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. தொழில் மரியாதை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். 8.45க்குத் தெருமுனையில் அவளுக்கு வேன். அது போய் ஊர் அடங்கியதும் நான் வீட்டுக்கு வருவேன். மாலை 5.10க்கு மறுபடி வெளியே போய் நாலு தெரு சுற்றிவிட்டு, ஆறு மணிக்குக் களைத்த முகத்தோடு வந்து நிற்பேன். களைப்பு மட்டும் நடிப்பில்லை.

இதில் ஒரே எதிரி கராஜ் கதவு. பதினேழு வருஷத்துச் சங்கிலி மோட்டர், வீட்டோடு வந்தது. பொத்தானை அழுத்தினால் பாத்திரக்கடையையே மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம். எதிர்வீட்டு அக்கா ஜன்னலுக்கு வந்துவிடுகிறாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பேர் செய்திப் பிரிவு.

இன்று கேட்டாள்: "என்ன தம்பி, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஆமாக்கா, ஃபைல்."

"நேத்தும் மறந்தீங்களே."

மார்ச் 4, புதன்

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் உண்டு. மகள் கடைசி வருஷப் படிப்பில் வெளியூரில் இருக்கிறாள், பரீட்சை முடியட்டும் என்பது வெளியே சொல்லும் பதில். உள்ளே இருப்பது வேறு. வேலை போன அன்று சொல்லிவிடும் முடிவோடுதான் வந்தேன். அவள் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். "நல்லவேளை, உங்க வேலையாவது ஆடாம இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் எப்படி வாயைத் திறப்பது? டீ போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

கதவு என்னைக் கைவிட்டது.

மாலை 5.10. நானும் வண்டியும் கராஜுக்குள். பொத்தானை அழுத்தினேன். மோட்டர் "ம்ம்ம்" என்று யோசித்தது. ஒரு பொறி, ஒரு வாடை, அவ்வளவுதான். மனைவி 5.45க்கு வந்துவிடுவாள். ஆபீஸில் இருக்க வேண்டிய கார் வீட்டுக்குள் பூட்டிக்கிடக்கிறது. காருக்குச் சொந்தக்காரனும்தான்.

மோட்டரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு தனியே கழன்று கையால் தூக்க வரும் என்று தெரியும். தூக்கினேன். கதவா அது! உள்ளே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி கனம். முட்டி வரைக்கும் ஏற்றி, ஸ்டூலை முட்டுக் கொடுத்து, மூச்சு வாங்கி, தோளைக் கொடுத்துத் தலைக்கு மேலே ஏற்றி, துணி காயப்போடும் கயிற்றால் கட்டினேன். வண்டியை வெளியே எடுத்தேன். கயிற்றை அவிழ்த்ததும் கதவு விழுந்த சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்து நின்றன. செய்திப் பிரிவும்.

நாலு தெரு சுற்றி ஆறு மணிக்கு வந்தேன். அவள் வாசலில். அவள் பார்க்க ரிமோட்டை அழுத்தி, "அட, என்னாச்சு இதுக்கு?" என்றேன். நடிப்பு சுமார்.

"இடுப்பைப் பிடிச்சுட்டு ஏன் இறங்குறீங்க?"

"ஆபீஸ் நாற்காலி சரியில்ல."

"புதுசு கேளுங்க. இருபத்திரெண்டு வருஷம் உழைச்சிருக்கீங்க, ஒரு நாற்காலி தர மாட்டாங்களா?"

தரமாட்டார்கள்.

மார்ச் 7, சனி

மச்சானோடு கடைக்குப் போனேன். மனைவியின் தம்பி. எதை வாங்குவதாக இருந்தாலும் முந்தின வாரமே பத்து வீடியோ பார்த்துவிட்டு வந்து, கடைக்காரருக்கே வகுப்பு எடுப்பான்.

மேலே வரிசையாக மோட்டர்கள். சங்கிலியில் ஓடுவது மலிவு, முரடு, சத்தம். ரப்பர் பெல்ட்டில் ஓடுவது அமைதி. சுவரோரமாக மாட்டும் வகையும் உண்டு, அதற்குக் கூரையில் தண்டவாளமே வேண்டாம். மச்சானுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதுதான் கவலை. எனக்கு ஒரே கவலை.

"எது சத்தமே போடாது?"

"சத்தத்துக்கு ஏன் மாமா இவ்ளோ பயப்படுறீங்க? யானை நடந்தாலும் தூங்குற ஆளாச்சே நீங்க."

"அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் இல்லையா?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அக்கம்பக்கத்தைப் பற்றி நான் கவலைப்பட்டு அவன் பார்த்ததில்லை.

கடைசியில் பெல்ட் மோட்டர். அவன் அடம்பிடித்து, கைப்பேசியோடு இணையும் வகையையே எடுக்க வைத்தான். "உலகத்துல எங்க இருந்தாலும் திறக்கலாம் மாமா." உலகத்தில் எங்கேயோ இருக்கும்போது என் கராஜை ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். உண்மைதான்.

பெட்டிக்குள் தடியாக ஒரு கையேடு. அட்டையிலேயே இரண்டு எழுத்துப் பிழை. மூடிவிட்டேன். மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர்ச் சுத்திகரிப்பான் என்று இருபத்திரண்டு வருஷமாக இந்த மாதிரிக் கையேடுகளை எழுதித்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பது என் வரி. எந்த மனிதனும் படிப்பதில்லை. இப்போது அதை இயந்திரமே எழுதுகிறதாம். படிக்காததை யார் எழுதினால் என்ன என்று கம்பெனிக்கும் தோன்றிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மாட்டித் தருபவர் புதன்கிழமைதான் வருவாராம். "நீங்க லீவு போடுங்க" என்கிறாள் மனைவி.

இல்லாத வேலைக்கு எப்படி லீவு போடுவது?

மார்ச் 9, திங்கள்

போட்டேன். காலையில் அவள் காதில் விழும்படி மேனேஜரோடு பேசினேன். எதிர்முனையில் யாரும் இல்லாததால் பேச்சு தாராளமாக வந்தது. சட்டென்று கொடுத்துவிட்டால் நம்பமாட்டாளே என்று அவர் முதலில் மறுத்ததாக வைத்துக்கொண்டேன். "சார், வருஷத்துல ஒரு நாள் கேக்குறேன். மாட்டேன்னா என்ன அர்த்தம்? எழுதிக்கோங்க, புதன் நான் வரல" என்று வைத்தேன்.

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "பரவாயில்லையே! அந்த மனுஷன்கிட்ட நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல."

நானும்தான் கேட்டதில்லை.

மார்ச் 11, புதன்

கதவுக்காரர் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். தடித்த, நிதானமான ஆள். கதவைப் பார்த்ததும் மோட்டரைத் தொடவே இல்லை. சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைப் பாதி தூக்கி, கையை விட்டார். கதவு பொத்தென்று கீழே இறங்கியது.

"பார்த்தீங்களா? பாதியில விட்டா பாதியில நிக்கணும். ஸ்பிரிங் ரெண்டும் தளர்ந்துபோச்சு சார். கதவத் தூக்குறது ஸ்பிரிங்குதான். மோட்டர் சும்மா கூடப் போகும், அவ்ளோதான். உங்க மோட்டர் பாவம். எத்தனை வருஷமா மொத்தக் கனத்தையும் தானே தூக்கிட்டு இருந்துச்சோ."

"எங்களுக்குத் தெரியவே இல்லையே."

"அது சொன்னாத்தானே? சத்தம்தான் போட்டிருக்கும். நீங்க கதவு சத்தம்னு நினைச்சிருப்பீங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஸ்பிரிங்கைப் பார்த்தேன்.

ஸ்பிரிங்கை மாற்றி, மோட்டரை மாட்டி, கதவின் காலடியில் இரண்டு பக்கமும் மின்கண் வைத்தார். நடுவில் ஏதாவது குறுக்கே வந்தால் கதவு திரும்ப மேலேறிவிடுமாம். கைப்பேசி விஷயத்துக்கு என் கருவி லாயக்கில்லை, பழசு. எனவே வேன் வருவதற்குள் அவசரமாக மனைவியின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். அவள் வாசலிலிருந்தே ஒரு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேனுக்கு ஓடினாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

கதவுக்காரர் போகும்போது சொன்னார்: "கையேட்டை ஒரு தரம் படிச்சிடுங்க சார்."

என்னிடமா?

மார்ச் 12, வியாழன்

9.50. பொத்தானை அழுத்தினேன். கதவு பூனை மாதிரி மேலே போனது. உள்ளே வந்தேன். இறங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் திரைகூட அசையவில்லை.

அரைமணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று மாலையிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. கேட்டால் தலைவலி. கூடத்தில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன். ஆள் குறைப்பாக இருக்குமோ? கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் அவளும் என்னைக் கேட்பாள்.

மார்ச் 16, திங்கள்

காலையில் பின்பக்கம் துணியைக் காயப்போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மழை வர்ற மாதிரி இருக்கு. வந்தா யாரு எடுப்பா?" சுவர் பதில் சொல்லவில்லை. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினொன்றரைக்கு மேகம் கருத்தது. பாய்ந்து போய் எல்லாத் துணியையும் எடுத்தேன். நன்றாகவே காய்ந்திருந்தது. மடித்து, அடுக்கி, கட்டில்மேல் வைத்து, நல்ல காரியம் செய்த திருப்தியோடு நின்றபோதுதான் உறைத்தது. நான் ஆபீஸில் அல்லவா இருக்கிறேன்!

மடித்த துணியை எல்லாம் திரும்ப எடுத்துப் போய் மழையில் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றாக, கிளிப் போட்டு. அவளுடைய வெள்ளை மேலங்கியைக் கடைசியாக. என் வாழ்நாளில் செய்த கேவலமான வேலைகளில் இதற்குத்தான் முதலிடம்.

மாலை அவள் சொட்டச் சொட்டத் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு விழுந்த இடம் ஈரத்திலும் தெரிந்தது. அதோடு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

டப்பாவைக் கையில் கொடுத்து, "ஆறிப்போனதை அப்படியே சாப்பிடாதீங்க. சூடு பண்ணிக்கோங்க" என்றாள்.

"ஆபீஸ்ல அடுப்பு ஏது?"

"எங்கயாச்சும் பண்ணிக்கோங்க."

பண்ணிக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு நேர்முகம். எதிரே இருந்தவருக்கு என் சட்டை வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். "எழுதறதெல்லாம் இயந்திரமே பார்த்துக்கும் சார். தப்பிருந்தா நீங்க சொன்னா போதும். வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை வரலாம். பார்த்துட்டு சொல்றோம்."

என் வேலையை எடுத்துக்கொண்டதற்கே நான் வாத்தியார் வேலை பார்க்க வேண்டும். அதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம்.

சூப்பர் மார்க்கெட்டில் டை கட்டியவரைக் காணோம். வேலை கிடைத்திருக்கும். அல்லது வீட்டில் சொல்லியிருப்பார்.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 9.50க்கு உள்ளே வந்ததும் கதவு மூட மறுத்தது. பாதி இறங்கி, ஏதோ நினைவு வந்த மாதிரி திரும்ப மேலேறியது. மூன்று தரம். மோட்டர் விளக்கு கண் சிமிட்டுகிறது. கராஜ் ஆவென்று திறந்து கிடக்க, உள்ளே நானும் என் காரும் கடைவிரித்த மாதிரி. கதவுக்காரர் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கையேட்டைத் தேடி எடுத்தேன்.

கோளாறு சின்னது. மின்கண்ணில் சிலந்தி வலை. துடைத்ததும் மூடியது. கையேட்டில் பக்கம் 10, தெளிவாக எழுதியிருந்தார்கள். பிழை இருந்தாலும் நல்ல எழுத்து. தொழில் புத்தி, எதிர்ப்பக்கத்தையும் படித்தேன்.

பக்கம் 11: 'கதவு திறக்கும்போதும் மூடும்போதும் இணைக்கப்பட்ட கைப்பேசிக்கு நேரத்துடன் செய்தி வரும். இவ்வசதியை நிறுத்தப் பக்கம் 19 காண்க.'

மூன்று தரம் படித்தேன்.

செய்தி வரும். யாருக்கு? அவளுக்குத்தான். பன்னிரண்டாம் தேதியிலிருந்து. 8.15 திறந்தது. 9.50 திறந்தது. 5.10 திறந்தது. 6.00 திறந்தது. தினமும். நேரத்தோடு!

சத்தம் போடாத மோட்டர் வேண்டுமென்று கடையெல்லாம் கேட்டு வாங்கினேனே. இது சத்தம் போடாமல் நேரே அவள் காதில் போய் ஓதியிருக்கிறது. செய்திப் பிரிவு இதன் கால்தூசிக்கு வருமா?

இந்த நோட்டைப் புரட்டினேன். 'தலைவலி' என்றாளே, அது முதல் நாள் செய்தி வந்த மாலை. மழை வந்தால் யார் எடுப்பா என்று சுவரைக் கேட்டாளே. எங்கயாச்சும் சூடு பண்ணிக்கோங்க என்றாளே. எல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதியவனுக்கே படிக்கத் தெரியவில்லை.

அய்யோ, அந்தத் துணி! தெரிஞ்சுக்கிட்டேதான் பார்த்துட்டு நின்னிருக்கா. கிளிப் வேற போட்டேனே!

மார்ச் 25, புதன்

சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவள் கையில் இருந்ததை வைத்துவிட்டு முழுசாகத் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று முடித்தேன்.

"சரி" என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 26, வியாழன்

இன்றும் 8.15க்குக் கிளம்பினேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிளம்பினேன். கால் பழக்கம்.

மார்ச் 28, சனி

வருஷத்துக்கு ஒரு தரம், சனிக்கிழமை காலை, வெறும் வயிற்றோடு சமையலறை மேஜையில் என்னை உட்காரவைத்து அவளே ரத்தம் எடுப்பாள். இன்று அந்த நாள். நான் மறந்திருந்தேன்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊசி இறங்கும் நொடியில் வேறு ஏதாவது பேசுவாள். மழை, பஸ், பக்கத்து வீட்டு மாடு. கவனம் அங்கே போகும்போது இங்கே வேலை முடிந்துவிடும். கூடத்தில் அவள் கைக்கென்றே வரிசையில் காத்திருப்பவர்கள் உண்டு.

கையைக் கட்டினாள். நரம்பைத் தட்டினாள். நான் மாட்டுக் கதைக்குத் தயாராக ஜன்னலைப் பார்த்தேன்.

"வேன்காரர்கிட்ட திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்களே என்னை விட்டுடுங்க. சும்மாதானே இருக்கீங்க."

ஊசி உள்ளே. அசைய முடியாது. குழாயில் என் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"எப்போ தெரியும்?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"கைய மடக்காதீங்க. முதல் நாள் பத்து மணிக்குக் கதவு திறந்துச்சுன்னு செய்தி வந்ததும் திருடன்னு நினைச்சேன். கை காலெல்லாம் ஓடல. எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் பண்ணி எட்டிப் பாருங்கன்னேன்."

"அவங்க?"

"'உங்க வீட்டுக்காரர்தான்மா. ரெண்டு மாசமா தினம் பத்து மணிக்கு வர்றாரே, உனக்குத் தெரியாதா?'ன்னாங்க."

இரண்டு மாதம்! ஊர்ச் செய்தி எல்லாம் ஒலிபரப்பும் அக்கா இதை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவளுக்குப் பேர் வைத்த என் நாக்கை என்ன செய்வது?

"நீ என்ன சொன்ன?"

ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, என் விரலை அதன்மேல் அழுத்தினாள்.

"தெரியுமேக்கா, நான்தான் வரச் சொன்னேன்னு சொன்னேன். பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? என் புருஷன் என்ன பண்றான்னு எனக்கே தெரியலன்னா?" குரல் அங்கேதான் உடைந்தது. "வேலை போச்சுன்னு எனக்குக் கோவமில்ல. தினம் நான் டப்பா கட்டிக் குடுக்குறேன், நீங்க வாங்கிட்டுப் போறீங்க... அவ்ளோ தூரமா இருக்கேன் நான்?"

நான் ஏதேதோ சொன்னேன். உங்க வேலையாவது ஆடாம இருக்குன்னு அன்னிக்கு நீ சொன்னியே என்றேன். அவள் அதை மறந்தே போயிருந்தாள். கால் வலியில் ஏதோ சொன்னாளாம்.

அழுததைப் பற்றி எழுதவில்லை. இரண்டு பேரும்தான் என்று மட்டும்.

அப்புறம் அவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

"கிளிப் வேற போட்டிருந்தீங்களே" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, எனக்கு மாமா சொல்லிட்டாரு" என்றாள். மச்சானிடம் மனைவிதான் சொன்னாளாம். ஆக, இந்த வீட்டில் கடைசியாகத் தகவல் தெரிந்தவன் நான்.

மார்ச் 30, திங்கள்

இஸ்திரி போடாத சட்டை. அவளைக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் நானே போய், "வந்துட்டேன்க்கா" என்றேன். "ஃபைல் எடுக்கவா?" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

8.20 திறந்தது. 9.10 திறந்தது. ஒரு நிமிஷத்தில் அவளிடமிருந்து குறுஞ்செய்தி: 'சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. துணி காயப் போட்டிருக்கேன். மழை வந்தா எடுங்க.'

வந்தது. எடுத்தேன்.